ஜிம் தாம்சனைத் தேடுகிறவர்கள்

போன மாசம் கோலாலம்பூர்ல வேலை பார்க்கிற என் மச்சினன் குடும்பத்தோட கேமரன் மலைக்குப் போயிருந்தான். அங்கேயிருந்து ஒரு பழைய பங்களாவின் படமும், கூடவே நாலு நிமிஷ ஆடியோவும் அனுப்பியிருந்தான். "அத்தான், இந்த வீட்ல இருந்துதான் அந்த அமெரிக்காக்காரரு காணாமப் போனாராம். உளவாளியாம். கடத்திட்டுப் போய்ட்டானுவளாம். கைடு சொன்னதக் கேட்டா ஒங்களுக்கு ஒரு வருசத்துக்கு எழுத விஷயம் இருக்கு" என்று ஆரம்பித்து, கைடு சொன்ன எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தான். கேட்டு முடித்ததும் எனக்குக் கேமரன் மலை ஞாபகம் வரவில்லை. எங்க ஊருக்கு மேற்கே கிடக்கிற தேரிக்காடுதான் ஞாபகம் வந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஜிம் தாம்சன் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1906-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பிறந்தவர். கட்டிடக் கலைஞர். இரண்டாம் உலகப் போரில் ஓ.எஸ்.எஸ். என்ற அமெரிக்க உளவுத்துறையில் சேர்ந்தார் (சி.ஐ.ஏ.வின் முன்னோடி அதுதான்). போர் முடிகிற சமயத்தில் இலங்கையில் காட்டுப் பயிற்சி எடுத்துக்கொண்டு, தாய்லாந்துக்குள் இறங்கத் தயாராக இருந்தவர். இறங்குவதற்குள் ஜப்பான் சரணடைந்துவிட்டது. பாங்காக்குக்குப் போனவர் அங்கேயே தங்கி, நசிந்து கிடந்த தாய்ப் பட்டு நெசவைத் தூக்கி நிறுத்தினார். 'தி கிங் அண்ட் ஐ' நாடகத்தின் உடைகளுக்கு அவருடைய பட்டு போனது. அதோடு அவர் பெயரும் உலகமெங்கும் போனது. கால்வாய்க் கரையில் பழைய தேக்கு வீடுகளை இணைத்து அவர் கட்டிய வீடு இன்றைக்கு அருங்காட்சியகம்.

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. 61 வயது முடிந்து ஐந்தே நாள். நண்பர்களோடு கேமரன் மலையில் தானா ராத்தா பக்கத்தில் மூன்லைட் பங்களாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். காலையில் சர்ச், பிறகு பிக்னிக், மதியம் எல்லோரும் ஓய்வெடுக்கப் போனார்கள். மூணு, மூணரை மணி வாக்கில் வெளியே யாரோ நடந்துபோகிற காலடிச் சத்தம் கேட்டதாக வீட்டில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதோடு சரி. சிகரெட்டும், பித்தப்பைக் கல் வலிக்காக அவர் வைத்திருந்த மாத்திரையும் வீட்டிலேயே இருந்தன. போலீஸ், ராணுவம், ஹெலிகாப்டர், ஓராங் அஸ்லி தடம் பார்ப்போர் என்று நூற்றுக்கணக்கானோர் பல நாள் தேடினார்கள். ஒரு செருப்பு கூடக் கிடைக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து, 1974-ல், சட்டப்படி இறந்தவராக அறிவித்தார்கள். (நம்ம ஊரிலும் அதே ஏழு வருஷக் கணக்குதான், 2024 ஜூன் வரை அது 1872 சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவாக இருந்தது.)

அன்றிலிருந்து இன்றுவரை, கிட்டத்தட்ட அறுபது வருஷமாக, இந்த வழக்கைத் துப்பறிகிறவர்களுக்குக் குறைவே இல்லை. சம்பளம் வாங்காத துப்பறிவாளர்களைச் சொல்கிறேன். நானும் ஒரு காலத்தில் அதில் சேர்த்தி. காலேஜ் நாளில் வில்லியம் வாரன் எழுதிய புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, ஒரே ராத்திரியில் படித்துவிட்டு, அமெரிக்கா - வியட்நாம் - கம்போடியா என்று நோட்டில் அம்புக்குறி எல்லாம் போட்டு வைத்தவன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. இப்போது எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த நோட்டில் மூன்லைட் பங்களாவைச் சுற்றியுள்ள நிலத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. வாசலில் இறங்கினால் பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே சரிவு, எங்கே ஓடை, பொழுது எப்போது சாய்கிறது, எதுவும் இல்லை. காணாமல் போனது எங்கே என்ற கேள்வியே இல்லாமல், காணாமல் போனது யார் என்பதை மட்டும் வைத்து இருபது பக்கம் நிரப்பியிருக்கிறேன்.

நான் படித்துப் பார்த்தவரை, இந்த வழக்கைப் பேசுகிற பெரும்பாலோர் செய்வதும் அதேதான்.

கருத்துகளை வரிசையாகப் பார்த்தாலே தெரியும். முன்னாள் உளவாளி, ஆகவே சி.ஐ.ஏ. கூட்டிக்கொண்டு போயிருக்கும். அமெரிக்காவின் இந்தோசீனக் கொள்கையை வெளிப்படையாகத் திட்டியவர், ஆகவே சி.ஐ.ஏ. முடித்துவிட்டிருக்கும். (ஒரே காரணத்திலிருந்து இரண்டு முடிவு!) லாவோஸ் விடுதலை இயக்கத்துக்காரர்களோடு பழகியவர், ஆகவே கம்யூனிஸ்டுகள். பணக்காரர், ஆகவே வியாபாரப் போட்டி. தனி ஆள், ஆகவே தற்கொலை. அன்றைக்குப் பிக்னிக்கைச் சீக்கிரம் முடிக்க அவசரப்பட்டார், ஆகவே யாரையோ சந்திக்கப் போயிருக்கிறார். அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்காவில் அவருடைய மூத்த சகோதரி வீட்டில் வைத்துக் கொலை செய்யப்பட்டார். அந்தக் கொலையும் துலங்கவில்லை, ஆகவே இரண்டுக்கும் முடிச்சு. பீட்டர் ஹர்கோஸ் என்ற டச்சுக்கார ஞானதிருஷ்டிக்காரரை வரவழைத்தார்கள். அவர் உட்கார்ந்த இடத்திலேயே, லாரியில் ஏற்றிக் கம்போடியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். கம்போடியாவில் ஆள் இல்லை. 2017-ல் வந்த ஓர் ஆவணப்படம், மலாயா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் கொன்றுவிட்டார்கள் என்றது. ஆதாரம், சாகிற தறுவாயில் ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னது. நம்ம ஊர் பஞ்சாயத்தில் கூட "அவன் சொன்னான்னு இவன் சொன்னான்" என்றால் நாட்டாமை எழுந்து போய்விடுவார்.

இவை எல்லாமே சாத்தியமில்லாதவை என்று நான் சொல்ல வரவில்லை. 1967-ல் வியட்நாம் போர் கொழுந்துவிட்டு எரிந்த காலம். அந்தப் பிராந்தியத்தில் ஆட்கள் கடத்தப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். என் ஆட்சேபம் வேறு. இத்தனை கருத்துக் கட்டிடங்களும் ஒரே ஒரு தூண் மேல் நிற்கின்றன. அந்தத் தூண் இதுதான்: "காட்டைச் சல்லடை போட்டுச் சலிச்சாச்சு. ஆள் இல்ல. அதனால ஆள் காட்டுல இல்ல."

இந்தத் தூணை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. நான் தட்டிப் பார்த்ததற்குக் காரணம் படிப்பு இல்லை, எங்க சின்னத் தாத்தா.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, அப்பாவின் சித்தப்பா காணாமல் போனார். எழுபதைத் தாண்டியவர். கொஞ்சம் மறதி உண்டு, ஆனால் கோட்டி கிடையாது. குலசையிலிருந்து உடன்குடிப் பக்கம் போகிற வழியில் எங்களுக்கு ஒரு விளை இருந்தது, முப்பது நாப்பது பனை. சாயங்காலம் அதைப் பார்த்துட்டு வாரேன்னு கிளம்பினவர் வரவில்லை. ஆடி மாசம். தேரி தெரிந்தவர்களுக்கு ஆடி என்றால் என்னவென்று தெரியும். செம்மண் காற்றில் ஏறி ஓடும். காலையில் நடந்த கால்தடம் மத்தியானம் இருக்காது. நேற்று இருந்த மேடு இன்றைக்கு இரண்டு அடி தள்ளி இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சிவப்பு, ஒரே உடைமரம், ஒரே பனை. பழகின ஆளையே சுற்றவிடும்.

ராத்திரியே பெட்ரோமாக்ஸும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு இளவட்டம் எல்லாம் இறங்கிவிட்டது. மறுநாள் ஐம்பது பேர். மூணாம் நாள் நூறு பேராவது இருக்கும். நானும் போனேன். வரிசையாக நின்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தோம். நாலாம் நாள் முடிவில் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: தேரியில் இல்லை. இத்தனை பேர் தேடியாச்சு, இருந்தா கிடைச்சிருக்காதா?

தேரியில் இல்லை என்று முடிவானதும் கதைகள் முளைத்தன. திருச்செந்தூரில் காவி கட்டி உட்கார்ந்திருந்ததாக ஒருவர். தூத்துக்குடி பஸ்ஸில் பார்த்ததாக ஒருவர். சின்ன வயசில் கொழும்பில் கடையில் இருந்தவர், அங்கே இன்னொரு குடும்பம் உண்டு, கள்ளத்தோணியில் போயிருப்பார் என்று ஒருவர். எழுபது வயசுக் கிழவர், அந்த யுத்த காலத்தில், கள்ளத்தோணியில்! வெற்றிலையில் மை போட்டுப் பார்த்தார்கள். வடகிழக்கே, தண்ணீர் பக்கம், இரும்புக் கேட் போட்ட இடத்தில் உயிரோடு இருக்கிறார் என்று வந்தது. பீட்டர் ஹர்கோஸ் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த மை போட்டவர் முகம்தான் கண் முன்னால் வந்தது. வித்தியாசம் ஒன்றுதான். எங்க ஊர்க்காரர் ஐம்பது ரூபாயும் ஒரு சேவலும் வாங்கினார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. சின்னத் தாத்தாவுக்கும் அவருடைய இளைய மகனுக்கும், எனக்குச் சித்தப்பா முறை, அந்த விளையைப் பங்கு வைக்கிற விஷயத்தில் ரெண்டு மாசம் முன்னாடி சண்டை நடந்திருந்தது. தெருவே கேட்ட சண்டை. "காட்டுல இல்லன்னா வேற எங்க?" என்ற கேள்விக்கு ஐந்தாம் நாளே டீக்கடையில் பதில் தயாராகிவிட்டது. யாரும் நேரடியாகச் சொல்லவில்லை. சித்தப்பா போனால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். எட்டாம் நாள் சித்தி எங்க வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "மைனி, நீங்களும் அப்படித்தான் நினைக்கியளா?" என்று கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அந்த ரெண்டு நொடிதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

பதினொராம் நாள், உடை விறகு வெட்டப் போன ஒருவர் கண்டுபிடித்தார். வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தூரம் கூட இருக்காது. ஒரு பழைய விடிலியின் இடிந்த சுவருக்கும் உடங்காட்டுக்கும் நடுவில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்த மாதிரி. முள் பட்ட காயம் தவிர வேறு காயம் இல்லை. அந்த விடிலியை இரண்டு தடவை நாங்கள் கடந்து போயிருக்கிறோம். ஒரு தடவை நானே. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று "தாத்தா" என்று கூப்பிட்டுவிட்டு, முள்ளாக இருக்கிறதே என்று சுற்றிப் போனேன். அப்போது அவர் உயிரோடு இருந்தாரா என்பது எனக்குத் தெரியாது.

சித்தப்பா அந்த டீக்கடையில் அதன்பிறகு டீ குடித்ததில்லை. கடை கை மாறி, பெயர் மாறி, இப்போது ஜூஸ் கடை ஆகிவிட்டது. இன்னும் போகமாட்டார்.

இந்த அனுபவத்தோடு கேமரன் மலைக்கு வருகிறேன். கடல் மட்டத்திலிருந்து 5000 அடி உயரம், மழைக்காடு. பாதையிலிருந்து பத்தடி உள்ளே போனால் பாதையில் நிற்கிறவருக்கு நம்மைத் தெரியாது. தாம்சன் காணாமல் போவதற்கு முந்தின நாள்தான் அவரும் வீட்டுக்காரர் டாக்டர் லிங்கும் காட்டுப் பாதையில் நடக்கப் போய், கொஞ்ச நேரம் வழிதவறி, ஒருவழியாகத் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர், பகல், ஒருவர் அந்த வீட்டின் சொந்தக்காரர், அப்படியும் வழிதவறியது. இதை உளவாளிக் கட்சிக்காரர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் பாருங்கள்: "முந்தின நாளே வழியைக் கண்டுபிடிச்சு வந்தவர், மறுநாள் தொலைவாரா?" எனக்கோ இது நேர் எதிராகப் படுகிறது. நேற்று ஆபத்து வந்து தப்பித்தவனுக்குத்தான் இன்றைக்குத் தைரியம் ஜாஸ்தி. நேற்று தவறவிட்ட அந்தத் திருப்பம் எங்கே என்று பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருக்க மாட்டாரா? தெரியாது. ஆனால் சிகரெட்டையும் மாத்திரையையும் விட்டுவிட்டுப் போனதற்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கால் மணி நேரத்தில் வருகிறவன் எதையும் எடுத்துக்கொண்டு போகமாட்டான். சின்னத் தாத்தா வெற்றிலைப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனார்.

"ஓ.எஸ்.எஸ்.ல காட்டுப் பயிற்சி எடுத்தவர் எப்படித் தொலைவார்?" என்பது அடுத்த வாதம். அந்தப் பயிற்சி 1945-ல். அப்போது வயது 39. இருபத்திரண்டு வருஷம் கழித்து, பாங்காக்கில் விருந்து வைத்துக்கொண்டு, பித்தப்பைக் கல்லோடு இருக்கிற 61 வயதுக்காரர் அவர். நாற்பதில் பனை ஏறினவர் எழுபதிலும் ஏறுவார் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. எங்க ஊரில் அறுபதாங்கல்யாணம் முடிந்தால் ஆளைப் பெரியவர் என்போம். இந்தத் துப்பறிவாளர்கள் கண்ணுக்கு மட்டும் தாம்சனுக்கு வயசே ஆவதில்லை.

தேடுதலுக்கு வருவோம். "இத்தனை பேர் தேடி கிடைக்கல" என்பதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம்? மற்ற இடங்களைப் பார்த்தால் கொஞ்சம்தான். 2013-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், அப்பலாச்சியன் நடைபாதையில் போய்க்கொண்டிருந்த 66 வயதுப் பெண்மணி ஒருவர், பாதையை விட்டுக் கொஞ்சம் விலகிப் போனவர், திரும்பவில்லை. நாய்கள், விமானம், நூற்றுக்கணக்கான ஆட்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து, 2015 அக்டோபரில், பாதையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கூடாரத்தில் கிடைத்தார். கூடவே நாட்குறிப்பு. காணாமல் போன பிறகு குறைந்தது 26 நாள் உயிரோடு இருந்து எழுதியிருக்கிறார். தேடுகிறவர்கள் அவருக்கு அருகிலேயே வந்து போயிருக்கிறார்கள். 2024 ஜூனில் பிரிட்டிஷ் டிவி டாக்டர் மைக்கேல் மோஸ்லி, 67 வயது, கிரீஸ் நாட்டின் சிமி தீவில் பட்டப்பகலில் நடக்கப் போனார். அங்கே மழைக்காடு கிடையாது, மொட்டைப் பாறை. ஹெலிகாப்டர், டிரோன் எல்லாம் சுற்றின. நாலு நாள் கழித்துக் கிடைத்தது, ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு கடற்கரை உணவகத்தின் வேலிப் பக்கத்தில். மலேசியாவிலேயே, 2019-ல் நெகிரி செம்பிலானில் ஒரு ரிசார்ட்டிலிருந்து காணாமல் போன வெளிநாட்டுச் சிறுமியின் உடல், பத்து நாள் தேடுதலுக்குப் பிறகு, சுமார் இரண்டரை கிலோமீட்டரில் கிடைத்தது. ஏற்கனவே தேடிய பகுதி அது. (அந்த வழக்கில் கடைசியாக நீதிமன்றம் காரணம் இன்னதென்று சொல்லாமல் திறந்த தீர்ப்பாகவே வைத்தது. அதனால் அதைத் தேடுதல் தவறும் என்பதற்கு மட்டும் சொல்கிறேன், எப்படி இறந்தார் என்பதற்கு இல்லை.)

காணாமல் போனவர்கள் எங்கே கிடைக்கிறார்கள் என்பதை ஆயிரக்கணக்கான நிகழ்வுகளை வைத்து ஆராய்ந்தவர் ராபர்ட் கோஸ்டர். மறதி நோய் உள்ள முதியவர்களைப் பற்றி அவர் சொல்வது, எங்க தேரிக்கு எழுதி வைத்த மாதிரி இருக்கிறது: கடைசியாகப் பார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பார்கள், எதிலாவது சிக்கி நிற்கிறவரை நடப்பார்கள், புதரிலோ பள்ளத்திலோ இருப்பார்கள், கூப்பிட்டால் பெரும்பாலும் பதில் வராது. தாம்சனுக்கு மறதி நோய் இருந்ததாக யாரும் சொல்லவில்லை, அது வேறு வகை. ஆனால் கூப்பிட்டுப் பதில் வராத இடத்தை "பார்த்தாச்சு" என்று டிக் அடிக்கிற பழக்கம் எல்லாத் தேடுதலுக்கும் பொது.

எதிர்க்கட்சியிடம் ஒரு கனமான சாட்சி உண்டு. அதை மறைத்தால் நான் செய்வதும் டீக்கடைப் பேச்சுதான். ரிச்சர்ட் நூன். மலாயாவில் ஓராங் அஸ்லி மக்களுக்கான துறையை நடத்தியவர், அந்தக் காட்டை வெளியாட்களில் அவரளவு அறிந்தவர் குறைவு. அவர் நேரில் வந்து, பழங்குடித் தடம் பார்ப்போரோடும் ஒரு போமோவோடும் (மலாய் மந்திரவாதி) தேடிவிட்டு, தாம்சன் காட்டில் இல்லை என்றார். கடத்தல் கட்சிக்காரர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இந்த வாக்கு. நான் இதை லேசாகத் தள்ளமாட்டேன். அழுகின வாடை வந்திருக்கும், கழுகு வட்டமிட்டிருக்கும், ஓராங் அஸ்லிக்காரர் கண்ணில் ஒரு ஒடிந்த கிளையாவது பட்டிருக்கும் என்பது நியாயமான வாதம்.

ஆனால் இதே ரிச்சர்ட் நூனின் அண்ணன் பாட் நூன், மானுடவியலாளர், தெமியார் மக்களிடையே வாழ்ந்து அவர்களைப் பற்றி எழுதியவர், ஜப்பானியர் ஆண்ட காலத்தில் இதே மலைக்காட்டில்தான் காணாமல் போனார். என்ன ஆனார் என்று வருஷக்கணக்கில் தெரியவில்லை. போர் எல்லாம் முடிந்து, தம்பி அந்த மக்களிடம் பொறுமையாகப் பேசிப் பேசி, கூட இருந்தவர்களாலேயே 1943 வாக்கில் கொல்லப்பட்டார் என்று தெரிந்துகொண்டார். அண்ணன் கதை துலங்கியது தேடுதலால் இல்லை. மனிதர்கள் வாயைத் திறந்ததால். இந்தக் கதையை உளவாளிக் கட்சிக்காரரும் தன் பக்கம் எழுதிக்கொள்ளலாம், பார், கொலைதானே என்று. ஒத்துக்கொள்கிறேன். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது, அந்தக் காடு ஓர் ஆளை உள்ளே வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும் என்பதை மட்டும்.

வாரன் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பதிப்பு 1970-ல் வந்தது. தாம்சனை நேரில் அறிந்த நண்பர் எழுதியது, கண்ணியமானது, ஹர்கோஸ் விஷயத்தில் கேலியை அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறார். இந்த வழக்கைப் பேசுகிற எல்லோரும் இன்றுவரை அவருடைய தகவலைத்தான் மென்றுகொண்டிருக்கிறோம். அதன் குறை அதன் அமைப்பில் இருக்கிறது. ஓர் அபூர்வ மனிதரின் வாழ்க்கையைப் பாதிப் புத்தகத்துக்கு மேல் படித்துவிட்டு வருகிற வாசகனுக்கு, அந்த மனிதர் ஃபெர்ன் செடிக்குள் கால் வழுக்கி விழுந்தார் என்ற முடிவு ஜீரணமாகாது. அவ்வளவு பெரிய வாழ்க்கைக்கு அவ்வளவு சின்ன சாவா என்று தோன்றிவிடும். அமெச்சூர் துப்பறிவாளர்களில் பாதிப் பேர் அந்த அஜீரணத்தில் பிறந்தவர்கள்தான். நானும்.

எங்க ஊர் தசராவில் மைக் செட்டில் அறிவிப்பு சொல்கிறவரைக் கேட்டிருக்கிறீர்களா? முத்தாரம்மன் கோயிலுக்கு லட்சக்கணக்கில் சனம் வந்து, கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிகிற ராத்திரி, நிமிஷத்துக்கு ஒரு ஆள் தொலையும். "பச்சைக் கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, எழுபது வயசு, காது கொஞ்சம் மந்தம், கடைசியாக் கடல்ல குளிச்ச எடத்துல பார்த்தது." அவ்வளவுதான். அந்தப் பெரியவர் ராணுவத்தில் இருந்தாரா, யாரோடு சண்டை போட்டார் என்று மைக்காரர் கேட்பதில்லை. (வேஷம் கட்டினவர் தொலைந்தால்தான் பிரச்சினை. காளி வேஷம், நாக்குத் தொங்கும், தலையில் கிரீடம் என்றால், அன்றைக்கு ராத்திரி அதற்குப் பொருந்துகிற ஆள் ஆயிரம் பேர்.) உடுப்பு, வயசு, கடைசியாகப் பார்த்த இடம். ஜிம் தாம்சனைப் பற்றி எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான பக்கத்தில் இந்த மூன்றுக்கும் ஒதுக்கிய பக்கங்களை விரல் விட்டு எண்ணலாம்.

கதைகளுக்கு இன்னொரு விலையும் உண்டு. லாரி மோதிச் செத்தார், டிரைவர் பயந்து புதைத்துவிட்டான் என்று ஒரு கதை. ஓராங் அஸ்லி வைத்த பொறியில் விழுந்தார், அவர்கள் மறைத்துவிட்டார்கள் என்று ஒரு கதை. வீட்டில் இருந்தவர்களுக்கு ஏதோ தெரியும் என்று ஒரு கதை. அந்த மலையில் 1967-ல் லாரி ஓட்டினவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தேயிலைத் தோட்டம், காய்கறித் தோட்டம் நிறைந்த சின்ன ஊர். ஓட்டினவர்களில் நம்ம ஆட்களும் இருந்திருப்பார்கள். பெயர் சொல்லாத குற்றச்சாட்டு என்பதால் அது யார் மேலும் விழாது என்று நினைக்கிறோம். எங்க ஊர் டீக்கடையிலும் யாரும் பெயர் சொல்லவில்லை.

நான் துலக்கிவிட்டேன் என்று மார்தட்ட ஒன்றுமில்லை. என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால் காட்டின் மேல்தான் கட்டுவேன், பங்களாவிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள், ஏதாவது ஓடைப் பள்ளத்தில். சரளைக் கல்லில் கேட்ட அந்தக் காலடிக்குப் பிறகு வண்டிச் சத்தம் கேட்டதாகச் சொல்லப்படாத வரை, அவர் நடந்துதான் போனார் என்பதிலிருந்து ஆரம்பிப்பேன்.

மச்சினனுக்குப் பதில் அனுப்பினேன். பங்களா படம் வேண்டாம், அதெல்லாம் எல்லாரும் எடுத்ததுதான். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று கீழே போகிற ரோட்டை எடு, முதல் வளைவில் நின்று ரெண்டு பக்கமும் எடு, ஓரத்துப் புதருக்குள் உன் மகனைப் பத்தடி உள்ளே நிக்கச் சொல்லி ஒன்று எடு என்று. மறுநாள் காலையில் மூன்றாவது படம் மட்டும் வந்தது. பச்சையாக இருந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "இதுல பையன் எங்கடா?" என்று கேட்டேன்.

"நடுவுலதான் அத்தான் நிக்கான். மஞ்சச் சட்டை போட்டிருக்கான், பாருங்க."